ஐந்து மணிக்கு நீ எங்கே இருப்பாய்?



  இந்த மாதத் தியானத்திற்கு மத்தேயு 20-ம் அதிகாரம், முதல் 16 வசனங்கள். வேதத்தைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டே மேலே வாசியுங்கள்.

கொஞ்ச நாளைக்கு முன் வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம் முடிந்து எல்லாரும் புறப்பட்ட பின்பு, ஒரு தாயார் மாத்திரம் பாயைச் சுருட்டாமல் உட்கார்ந்திருந்தார்கள். என்னம்மா என்று கேட்டேன். "பாஸ்டர், என் மகன் இன்ஜினியரிங் முடிச்சு ரெண்டு வருஷம் ஆகுது. வேலை இல்ல. ராத்திரியெல்லாம் போனை வெச்சிக்கிட்டு டுமீல் டுமீல்னு சுட்டுக்கிட்டே இருக்கான். விடியக்காலத்துல படுக்கிறான், மத்தியானம் எழுந்திரிக்கிறான். எனக்கு பயமா இருக்கு" என்று சொல்லி அழுதார்கள்.

மறுநாள் சாயங்காலம் அந்த வீட்டிற்குப் போனேன். தம்பி உள் அறையில் காதில் ஹெட்போன் மாட்டி, செல்போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்தவுடன் முகம் மாறிற்று. "ரெண்டு நிமிஷம் பாஸ்டர், இந்த மேட்ச் முடிஞ்சிரட்டும்" என்றான். அவனுடைய தாயாருக்கு வெட்கமாகிவிட்டது. "பாஸ்டர் வந்திருக்காரு, என்னடா இது!" என்று சத்தம் போட்டார்கள். நான், "பரவாயில்லம்மா, முடிக்கட்டும்" என்று சொல்லி அங்கே கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். இரண்டு நிமிஷம் இருபது நிமிஷம் ஆயிற்று.

பிரியமானவர்களே, எனக்குக் கோபம் வரவில்லை. நான் பெரிய பொறுமைசாலி என்பதினால் அல்ல. அந்த அறையில் உட்கார்ந்திருந்த வாலிபனை எனக்கு முன்னமே தெரியும். அவன் நான்தான்.

என் சாட்சி

இதை நம் சபையில் அநேகருக்கு நான் சொன்னதில்லை. இன்றைக்குச் சொல்ல ஆவியானவர் ஏவுகிறபடியால் எழுதுகிறேன்.

1999-ல் மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்தேன். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு சின்ன லேத் பட்டறையில் வேலை கிடைத்தது. 2001-ல் ஆர்டர் இல்லாமல் அந்தப் பட்டறையை மூடிவிட்டார்கள். அப்போது எனக்கு 21 வயது. தகப்பனார் ஏற்கனவே கர்த்தருக்குள் நித்திரையடைந்திருந்தார். அம்மா தையல் மிஷின் மிதித்து வீட்டை நடத்தினார்கள்.

முதல் இரண்டு மாதம் நன்றாகத்தான் தேடினேன். கிண்டி, பாடி, பெருங்குடி என்று ஏறாத வாசல் இல்லை. "அட்ரஸ் கொடுத்துட்டுப் போங்க, சொல்லி அனுப்புறோம்" என்பார்கள். ஒருவரும் சொல்லி அனுப்பவில்லை. மூன்றாம் மாதத்தில் கால் தளர்ந்துபோயிற்று.

வீட்டில் ஒரு பழைய பிரிக் கேம் இருந்தது. பர்மா பஜாரிலிருந்து மாமா வாங்கி வந்தது. 30 வயதைத் தாண்டியவர்களுக்கு நினைவிருக்கும். கைக்கு அடக்கமாக இருக்கும், இரண்டு பென்சில் பேட்டரி போட வேண்டும், மேலே "9999 இன் 1" என்று எழுதியிருக்கும். மேலேயிருந்து கட்டைகள் விழும், நாம் திருப்பித் திருப்பி அடுக்க வேண்டும். 1984-ல் மாஸ்கோவில் அலெக்ஸி பஜித்னோவ் என்கிற கம்ப்யூட்டர் நிபுணர் உண்டாக்கிய டெட்ரிஸ் என்னும் விளையாட்டின் நகல் அது. 1989-ல் நிண்டெண்டோ கம்பெனி கேம் பாய் என்ற கையடக்கக் கருவியை அமெரிக்காவில் விற்றபோது, டெட்ரிஸையும் அதோடு சேர்த்தே கொடுத்தார்கள். அப்படி அது தேசம் தேசமாய்ப் பரவி, மலிவான நகலாக எங்கள் வீட்டுத் தையல் மிஷின் இழுப்பறை வரைக்கும் வந்து சேர்ந்தது.

அந்த விளையாட்டை ஆடினவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். அடுக்க அடுக்க வேகம் கூடும். "நீ ஜெயித்தாய், எழுந்து போ" என்று அது என்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை. தோற்கிற வரைக்கும் ஆடலாம், தோற்றவுடன் மறுபடியும் ஆரம்பிக்கலாம். அவ்வளவுதான். பகலெல்லாம் அதை அழுத்தி அழுத்தி என் கட்டைவிரல் காய்த்துப்போயிற்று.

பிறகு எங்கள் தெருவிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு பிரவுசிங் சென்டர் திறந்தார்கள். மணிக்கு 20 ரூபாய். அங்கே கவுண்டர் ஸ்டிரைக், ஐ.ஜி.ஐ. என்று சுடுகிற விளையாட்டுகள் இருந்தன. என் வயது வாலிபர் ஏழெட்டுப் பேர். எல்லாரும் படித்தவர்கள், எல்லாரும் வேலை இல்லாதவர்கள். அம்மா பஸ்ஸுக்கும் ஜெராக்ஸுக்கும் என்று கொடுக்கிற பணத்தை வாங்கிக்கொண்டு, ஃபைலைக் கையில் பிடித்துக்கொண்டு, "இன்டர்வியூக்குப் போயிட்டு வரேம்மா" என்று சொல்லி அங்கே போய் உட்கார்ந்துவிடுவேன். சர்டிபிகேட் ஃபைல் என் மடியிலேயே இருக்கும். அதன்மேல் கையை வைத்துக்கொண்டுதான் சுடுவேன்.

ஒருநாள் சாயங்காலம் ஐந்து மணி இருக்கும். எங்கள் சபையின் மூப்பர் டிவிஎஸ் ஃபிப்டியில் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்திருக்கிறார். பாடியில் ஒரு மெஷின் ஷாப்பில் லேத் ஆப்பரேட்டர் ஒருவன் திடீரென்று நின்றுவிட்டானாம். நைட் ஷிப்டுக்கு ஆள் வேண்டும், ஆறு மணிக்குள் கூட்டிக்கொண்டு வந்தால் இன்றைக்கே சேர்த்துக்கொள்வார்களாம். "தம்பி எங்கம்மா?" என்று கேட்டிருக்கிறார். "அவன் கிண்டிக்கு இன்டர்வியூ போயிருக்கானே பிரதர்" என்று அம்மா சொன்னார்களாம். மூப்பர் கால் மணி நேரம் காத்திருந்துவிட்டு, வேறொரு வீட்டுப் பையனைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

நான் அப்போது எங்கே இருந்தேன்? இரண்டு தெரு தள்ளி. கூப்பிட்டால் கேட்கிற தூரம். ஆனால் காதில் ஹெட்போன்.

இரவு ஒன்பது மணிக்கு வீட்டிற்கு வந்தேன். "என்ன சொன்னாங்கப்பா?" என்று கேட்டார்கள். "சொல்லி அனுப்புறேன்னாங்கம்மா" என்றேன். மூப்பர் வந்துபோனதைச் சொன்னார்கள். ஒரு வார்த்தைகூட கடிந்துகொள்ளவில்லை. சாதம் போட்டார்கள். நான் சாப்பிட்ட பிறகுதான் தனக்கு ஒரு டம்ளர் கஞ்சி ஊற்றிக்கொண்டார்கள். அன்றைக்கு அம்மாவுக்கு உபவாசம். என் வேலைக்காக.

சகோதரனே, சகோதரியே, கேளுங்கள். அம்மா ஜெபித்தார்கள், தேவன் கேட்டார், பதிலையும் வாசல் வரைக்கும் அனுப்பினார். பதில் வந்தபோது ஜெபத்திற்குரியவன் வீட்டில் இல்லை.

உடனே மனந்திரும்பினேன் என்று எழுதினால் சாட்சி அழகாக இருக்கும், ஆனால் பொய்யாக இருக்கும். அதற்குப் பிறகும் மூன்று வாரம் அங்கேதான் போனேன். துக்கத்தை மறக்க இன்னும் அதிகமாய்ப் போனேன். கடைசியில் ஒரு ராத்திரி ஜெபத்தில் முழங்கால் போட முடியாமல் உடைந்துபோய், அம்மாவிடம் எல்லாவற்றையும் அறிக்கையிட்டேன். அம்மா தையல் மிஷினை நிறுத்தவே இல்லை. "எனக்குத் தெரியும்டா" என்றார்கள். "எப்படிம்மா?" என்றேன். "உன் சட்டையைத் துவைக்கிறது நான்தானே. கிண்டிக்குப் போறவன் பையில பஸ் டிக்கெட் இருக்கணும். மூணு மாசமா ஒரு டிக்கெட்கூட இல்ல."

"அப்ப ஏம்மா கேக்கல?"

"கேட்டா இன்னொரு பொய் சொல்லுவ. அந்தப் பாவத்தையும் உன் தலைமேல ஏத்த வேணாம்னு ஆண்டவர்கிட்ட மட்டும் கேட்டேன்."

தேவனுக்கே மகிமை! அந்த ராத்திரி நான் அழுத அழுகையை இந்த பேனாவால் எழுத முடியாது.

1. விளையாட்டு ஏன் பிடித்துக்கொள்கிறது?

இப்போது நம்முடைய காலத்திற்கு வருவோம். அன்றைக்குத் தெருமுனையில் இருந்த கண்ணி இன்றைக்குச் சட்டைப்பைக்குள் வந்துவிட்டது. 2018-ல் பப்ஜி செல்போனுக்கு வந்தது. நூறு பேர் ஒரு தீவில் இறங்கி, ஒருவரையொருவர் சுட்டு, கடைசியில் மிஞ்சுகிறவர் ஜெயிக்க வேண்டும். 2020 செப்டம்பரில் மத்திய அரசாங்கம் அதைத் தடை செய்தபோது நம் தாய்மார் பலர் ஸ்தோத்திரம் சொன்னார்கள். 2021 ஜூலையில் பிஜிஎம்ஐ என்ற பெயரில் திரும்பி வந்தது. 2022-ல் மறுபடியும் நிறுத்தினார்கள், 2023-ல் மறுபடியும் வந்தது. நிறுத்தின நாட்களில் பையன்கள் வேலை தேடப் போனார்களா? இல்லை, வேறொரு விளையாட்டுக்குப் போனார்கள். ஆகவே போனைப் பிடுங்கினால் காரியம் முடிந்தது என்று நினைக்காதிருங்கள். வேர் எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

வேலை இல்லாதவனை "சோம்பேறி" என்று சொல்லிவிடுகிறோம். இந்தப் பையன் விடிய விடிய உட்கார்ந்து, கண் எரிய, கழுத்து வலிக்க ஆடுகிறான். சோம்பேறி ஆறு மணி நேரம் இப்படிப் பாடுபடுவானா? அவனுக்குள் உழைக்கிற பெலன் இருக்கிறது. அதை வாங்கிக்கொள்ள ஆள் இல்லை. உலகம் கொடுக்காததையெல்லாம் அந்தச் சின்னத் திரை கொடுக்கிறது.

உலகம் அவனுக்கு வேலை கொடுக்கவில்லை. விளையாட்டு தினமும் காலையில் "இன்றைய வேலை இது" என்று பட்டியல் போட்டுக் கொடுக்கிறது. உலகம் கூலி கொடுக்கவில்லை. விளையாட்டு ஒவ்வொரு சுடுதலுக்கும் அந்த நொடியே எண்ணிக் கொடுக்கிறது. நூறு விண்ணப்பம் போட்டும் ஒரு பதில் வரவில்லை. விளையாட்டிலோ பொத்தானை அழுத்தினவுடன் பதில். வீட்டில் தங்கையின் முன்பாகத் தலைகுனிந்து சாப்பிடுகிறான். விளையாட்டில் பட்டமும் பதக்கமும் உண்டு, "அண்ணே, எங்க டீமுக்கு வாங்க" என்று கூப்பிட ஆள் உண்டு.

சுடுகிற விளையாட்டில் இன்னொன்றும் உண்டு. வேலை இல்லாதவனுக்கு உள்ளே ஒரு கோபம் இருக்கிறது. ஆனால் யார்மேல் கோபப்படுவது? மூடின பட்டறைக்காரன் மேலா? அவனே கடனாளி. படிக்க வைத்த தகப்பன் மேலா? சிபாரிசு இல்லாத தன் தலைவிதி மேலா? எதிரி யார் என்று தெரியவில்லை. விளையாட்டில் எதிரி கண்ணுக்கு முன்னால் துப்பாக்கியோடு நிற்கிறான். சுட்டால் விழுகிறான். எவ்வளவு நிம்மதி! நம்முடைய போராட்டம் மாம்சத்தோடும் இரத்தத்தோடும் அல்லவென்று எபேசியர் 6-ம் அதிகாரத்தில் பவுல் எழுதுகிறார். சத்துரு அதற்கு எதிரான ஒரு பொய்யான யுத்தத்தைக் கையில் கொடுத்து, மெய்யான யுத்தத்திலிருந்து அவனை விலக்கி வைக்கிறான். இப்படி ஆடுகிறவர்கள் எல்லாரும் கொலைகாரராவார்கள் என்று நான் சொல்லவில்லை, அப்படிப் பயமுறுத்தவும் மாட்டேன். என் பயம் வேறு. அவன் யாரையும் கொல்லமாட்டான், தன் நாட்களைத்தான் கொல்லுவான். விளையாட்டில் செத்தவன் அடுத்த ஆட்டத்தில் எழுந்து வருவான். போன செவ்வாய்க்கிழமை எழுந்து வராது.

"பாஸ்டர், இது இலவசம்தானே" என்று சில தம்பிமார் கேட்கிறார்கள். பணம் வைத்து ஆடுகிற ஆன்லைன் விளையாட்டுகளுக்குத் தடை போட்டு 2025 ஆகஸ்டில் பாராளுமன்றம் சட்டம் இயற்றிற்று. அந்தக் குழி வேறு. இது இலவசம் என்றே வைத்துக்கொள். காசு வாங்காதவன் உன்னிடத்தில் வேறு எதை வாங்குகிறான் என்று கணக்குப் பார். வேலை இல்லாதவனிடத்தில் காசு இல்லை. நேரம் ஒன்றுதான் இருக்கிறது. அதைத்தான் வாங்குகிறான்.

அமெரிக்காவில் நான்கு பொருளாதாரப் பேராசிரியர்கள் 2017-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அந்த தேசத்தில் 21 முதல் 30 வயது வரையுள்ள ஆண்கள் வேலை செய்கிற நேரம் குறைந்துபோனதற்குக் கம்ப்யூட்டர் விளையாட்டுகள் மேலும் மேலும் சுவையானதும் ஒரு காரணம் என்று எழுதினார்கள். அப்படியல்ல, வேலை கிடைக்காததினால்தான் விளையாடுகிறார்கள் என்று சொல்லுகிறவர்களும் உண்டு. அனுபவித்தவனாகச் சொல்லுகிறேன், இரண்டும் உண்மை. வேலை இல்லாததினால் உள்ளே போனேன். உள்ளே போனதினால் வேலையை இழந்தேன்.

2. ஐந்து மணி வரைக்கும் நின்றவர்கள்

இப்போது வேதத்திற்கு வாருங்கள். வீட்டெஜமான் ஒருவன் தன் திராட்சத்தோட்டத்திற்கு வேலையாள் கூப்பிட விடியற்காலத்தில் கடைத்தெருவுக்குப் போகிறான். மறுபடியும் ஒன்பது மணிக்கு, பன்னிரண்டு மணிக்கு, மூன்று மணிக்குப் போகிறான். கடைசியாக ஐந்து மணிக்குப் போகிறான். அப்போதும் சிலர் நிற்கிறார்கள். ஏன் நாள் முழுவதும் சும்மா நிற்கிறீர்கள் என்று கேட்கிறான். எங்களை ஒருவரும் வேலைக்குக் கூப்பிடவில்லை என்கிறார்கள்.

நம்முடைய ஊர்களில் இன்றைக்கும் இந்தக் காட்சி உண்டு. காலை ஆறரை மணிக்கு முச்சந்தியில் போய்ப் பாருங்கள். கொத்தனார், சித்தாள், பெயிண்டர் என்று ஆணும் பெண்ணும் சாப்பாட்டுத் தூக்கோடு நிற்பார்கள். மேஸ்திரிகள் வந்து ஆள் எடுப்பார்கள். ஒன்பது, பத்து மணிக்கு மேல் யாரும் வரமாட்டார்கள் என்று மிச்சமானவர்கள் வீட்டிற்குத் திரும்பிவிடுவார்கள். வெயில் ஒரு கஷ்டம் என்றால், "இவனை ஒருத்தனும் எடுக்கலை" என்று கடைக்காரர் பார்க்கிற பார்வை அதைவிடக் கஷ்டம்.

அந்த வெட்கத்தோடு அந்த மனுஷர் ஐந்து மணி வரைக்கும் நின்றார்களே! அவர்கள் திறமைசாலிகள் என்று வேதம் சொல்லவில்லை, பரிசுத்தவான்கள் என்றும் சொல்லவில்லை. நின்றார்கள், அவ்வளவுதான். எஜமான் வந்தபோது கண்ணில் படுகிற இடத்தில் இருந்தார்கள். பன்னிரண்டு மணிக்கு மனம் கசந்து ஏதோ ஒரு நிழலில் போய்ச் சுருண்டிருந்தால் அந்தக் கூலி அவர்களுக்கு இல்லை.

எஜமான் அவர்களை "சோம்பேறிகளே" என்று திட்டினானா? இல்லை. அவர்கள் சொன்ன பதிலை நம்பினான். நீங்களும் போங்கள் என்றான். ஒரு மணி நேரம் வேலை செய்தவர்களுக்கு முழு நாள் கூலியைக் கொடுத்தான். அல்லேலூயா! நம் தேவன் அப்படிப்பட்டவர். உன் 24 வயது வீணாய்ப்போயிற்று, 26 வயது வீணாய்ப்போயிற்று, இனிமேல் என்ன என்று பிசாசு உன் காதில் ஓதுவான். ஐந்து மணிக்கும் ஆள் கூப்பிடுகிற எஜமான் ஒருவர் உண்டு என்று அவனுக்குச் சொல்லு.

வேலை செய்ய மனதில்லாதவனுக்குச் சாப்பாடும் வேண்டாம் என்று பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதினதை எடுத்துச் சிலர் வேலை இல்லாத பிள்ளைகளை அடிக்கிறார்கள். நன்றாய்க் கவனியுங்கள். மனதில்லாதவனைக் குறித்துத்தான் அப்போஸ்தலன் சொல்லுகிறார். கிடைக்காதவனைக் குறித்து அல்ல. ஆனால் தம்பி, நீயும் கவனி. இன்றைக்குக் கிடைக்காதவனாக இருக்கிற நீ, வருஷக்கணக்காக அந்த அறைக்குள் உட்கார்ந்தால், உனக்கே தெரியாமல் மனதில்லாதவனாக மாறிப்போவாய். எனக்கு அது நேரிட ஆரம்பித்தது.

3. மீன் இல்லாத நாளில் வலையை அலசு

லூக்கா 5-ம் அதிகாரத்தில் பேதுருவும் கூட்டாளிகளும் ராத்திரி முழுவதும் பாடுபட்டும் ஒரு மீன்கூட அகப்படவில்லை. அவர்களுக்கும் அன்றைக்கு வருமானம் இல்லாத நாள்தான். ஆண்டவர் கரைக்கு வந்தபோது என்ன செய்துகொண்டிருந்தார்கள்? வலைகளை அலசிக்கொண்டிருந்தார்கள். மீன் இல்லாவிட்டாலும் நாளைக்கு வலை வேண்டுமே! அந்த வலையைத்தான் ஆண்டவர் மறுபடியும் போடச் சொன்னார்.

வேலை இல்லாத நாட்களில் வலை அலசுவது எப்படி? ஆவிக்குரிய காரியம் என்று சொல்லி மேலாக விட்டுவிட எனக்கு மனதில்லை. வெளிப்படையாய் எழுதுகிறேன்.

முதலாவது, எழுந்திரு. ஆறு மணிக்கு எழுந்து, ஜெபித்து, குளித்து, ஒன்பது மணிக்குள் வெளியே போகிற சட்டையைப் போட்டுக்கொள். போக இடம் இல்லாவிட்டாலும் போடு.

இரண்டாவது, எஜமான் கூப்பிடுகிற நேரம் காலை முதல் ஐந்து மணி வரை. அந்த நேரத்தில் விளையாட்டைத் தொடாதே. சாயங்காலம் சிநேகிதரோடு கொஞ்ச நேரம் ஆடினால் நரகம் என்று நான் தீர்ப்புச் சொல்லமாட்டேன். ஆனால் "ஒரு மேட்ச்" என்று ஆரம்பித்து ஒன்றில் நிறுத்த முடியவில்லையென்றால், அதை உன் போனிலிருந்தே எடுத்துப்போடு. உன்னால் நிறுத்த முடிகிறதா என்பது உனக்கும் ஆண்டவருக்கும் தெரியும்.

மூன்றாவது, கையில் வேலையை ஏற்று. வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவை மூன்று வருஷத்திற்கு ஒருமுறை புதுப்பித்தாயா? அங்கேயே தன்னார்வ பயிலும் வட்டத்தில் அரசாங்கத் தேர்வுகளுக்கு இலவசமாய் வகுப்பு நடத்துகிறார்கள், போனாயா? ஐ.டி.ஐ.யில் ஒரு தொழில் கற்றுக்கொள்ளக் கூடாதா? "நான் இன்ஜினியர், வயரிங் வேலைக்கு ஹெல்ப்பராகப் போவதா" என்று கேட்காதே. அப்போஸ்தலனாகிய பவுல் கூடாரம் தைத்தார். எனக்கும் கடைசியில் கிடைத்தது ஆப்பரேட்டர் வேலை அல்ல, ஒரு வெல்டிங் கடையில் எடுபிடி வேலை. அங்கேயிருந்துதான் கர்த்தர் ஏணிப்படியாய் ஏற்றினார். வேதாகமக் கல்லூரியில் டிப்ளமோ படித்ததும் பிற்பாடு அந்தச் சம்பளத்தில்தான்.

நான்காவது, ஒரே ஒருவரிடத்திலாவது உண்மையைச் சொல்லு. பொய்தான் அந்த அறையின் தாழ்ப்பாள். அது விலகினால் கதவு தானாய்த் திறக்கும்.

சிலருக்கு இதையும் மீறிப்போயிருக்கும். உலக சுகாதார நிறுவனம் 2019-ல் விளையாட்டு அடிமைத்தனத்தை நோய்ப்பட்டியலில் சேர்த்தது, அந்தப் பட்டியல் 2022 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. மூன்று அடையாளம் சொல்லியிருக்கிறார்கள்: ஆட்டத்தை அடக்க முடியாமை, மற்ற எல்லாவற்றிற்கும் மேலாக ஆட்டமே முக்கியமாவது, கேடு வருகிறது என்று தெரிந்தும் தொடர்வது. இது பொதுவாக ஒரு வருஷம் நீடித்தால் வியாதி என்று கணக்கு. அப்படியிருந்தால் ஜெபத்தோடு மருத்துவரிடத்திலும் போங்கள். அரசாங்கத்தின் மனநல உதவிக்கு 14416 என்ற எண்ணில் பேசலாம். ஜுரத்திற்கு ஜெபித்துவிட்டு மாத்திரையும் சாப்பிடுகிற நமக்கு இதில் என்ன வெட்கம்?

4. பெற்றோருக்கும் சபைக்கும் ஒரு வார்த்தை

தாய்மாரே, தகப்பன்மாரே, உங்கள் வேதனை எனக்குத் தெரியும். ஆனால் பிள்ளையைச் சாப்பாட்டுத் தட்டின் முன்பாகக் குத்திப் பேசாதிருங்கள். 1 இராஜாக்கள் 19-ல் எலியா சாகத்தக்கதாய் மனம் சோர்ந்து படுத்துக்கிடந்தபோது தேவன் முதலாவது பிரசங்கம் பண்ணவில்லை. அப்பமும் தண்ணீரும் கொடுத்துத் தூங்கவிட்டார். பிறகுதான், இங்கே என்ன செய்கிறாய் என்று கேட்டார். கேட்டதோடு விடாமல் போய்ச் செய்யும்படி வேலையும் கொடுத்தார். அந்த ஒழுங்கைப் பின்பற்றுங்கள்.

சபையாரே, நாமும் மனந்திரும்ப வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வாசலில் செருப்பு மாட்டும்போதே, "என்ன தம்பி, இன்னும் வேலை கிடைக்கலையா?" என்று கேட்கிறோம். அன்பாகத்தான் கேட்கிறோம். ஆனால் பத்துப் பேர் கேட்டால் பதினோராவது ஆளுக்குப் பயந்து அவன் சபைக்கே வராமற்போகிறான். மகள்களும் அப்படியே. படித்துவிட்டு வீட்டில் இருக்கிற பெண்பிள்ளைகளிடத்தில் "கல்யாணம் எப்போ?" என்று கேட்டு அவர்களையும் போனுக்குள் தள்ளிவிடுகிறோம்.

கேள்வி கேட்கிறவர்களாக இராமல், டிவிஎஸ் ஃபிப்டியில் வந்தாரே, அந்த மூப்பரைப்போல இருங்கள். உங்கள் கம்பெனியில், கடையில், பக்கத்துத் தெருவில் ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டால் அன்றைக்கே ஒரு வீட்டுக் கதவைத் தட்டுங்கள். சபையின் பின்பக்கத்தில், காணிக்கைப் பெட்டிக்குப் பக்கத்து மேஜையில் இந்த மாதம் முதல் ஒரு நோட்டு வைக்கிறோம். வேலை இருக்கிற இடத்தை எழுதுங்கள். வேலை வேண்டியவர்கள் பார்த்துக்கொள்ளட்டும், யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை.

ஆரம்பத்தில் சொன்ன அந்தத் தம்பியின் காரியம் என்னவாயிற்று என்று கேட்பீர்கள். அன்றைக்கு மேட்ச் முடிந்ததும் அவனை ஒன்றும் கேட்காமல், என் கதையை, பஸ் டிக்கெட் உள்பட சொன்னேன். தலையைக் குனிந்துகொண்டு கேட்டான். கடைசியில், "பாஸ்டர், நான் ஆறு மாசமா ஒரு அப்ளிகேஷன்கூட போடல. அம்மாகிட்ட போட்டேன்னு சொல்லியிருக்கேன்" என்றான். கதவுக்கு அந்தப் பக்கம் நின்ற தாயார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

இந்த மாதம் வரைக்கும் அவன் படித்த படிப்புக்கு வேலை கிடைக்கவில்லை. உண்மையை எழுதுகிறேன். விளையாட்டும் முழுவதும் விட்டபாடில்லை, நடுவில் இரண்டு தரம் விழுந்தான். ஆனால் காலையில் எழுந்திருக்கிறான். நம் சபைச் சகோதரன் ஒருவரோடு ஏசி மெக்கானிக் வேலைக்கு உதவியாளாகப் போகிறான். போன ஞாயிற்றுக்கிழமை முதல் சம்பளத்தில் தசமபாகம் எடுத்துக்கொண்டு வந்தபோது அவன் கையில் கிரீஸ் கறை போகாமல் இருந்தது. ஸ்தோத்திரம்!

தம்பி, தங்கச்சி, இதை வாசிக்கிற உன் கையில் இப்போது என்ன இருக்கிறது? எஜமான் கடைத்தெருவுக்கு வருகிறார். எத்தனை மணிக்கு உன்னைக் கூப்பிடுவார் என்று எனக்குத் தெரியாது. ஆனால் கூப்பிடும்போது நீ இரண்டு தெரு தள்ளி, காதை அடைத்துக்கொண்டு இருந்துவிடாதே.

ஜெபிப்போம்

அன்புள்ள பரலோகப் பிதாவே, வேலை இல்லாமல் வெட்கப்பட்டு அறைக்குள் ஒளிந்திருக்கிற ஒவ்வொரு பிள்ளையையும் உம்முடைய கரத்தில் வைக்கிறோம். அவர்களைக் கடிந்துகொள்ளாமல் கூப்பிடும். கண்ணிகளைத் தெறிக்கப்பண்ணும். சொன்ன பொய்களை அறிக்கையிடத் தைரியம் தாரும். துவைக்கிற சட்டைப்பையைத் தடவிப் பார்த்துவிட்டு மௌனமாய் ஜெபிக்கிற தாய்மாரின் கண்ணீரைத் துடைத்தருளும். ஐந்து மணிக்காவது வாரும் ஆண்டவரே. வரும்போது நாங்கள் நிற்க வேண்டிய இடத்தில் நிற்க எங்களுக்குப் பெலன் தாரும். இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறோம் நல்ல பிதாவே. ஆமென்.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் அன்புச் சகோதரன்